முன்சில்லுகளுக்குப் போன பனி டயர்கள்

இந்த நிகழ்ச்சியைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை உண்டு. ஒன்றைவிட மற்றொன்று மென்மையானது; எவரையும் நோகச் செய்யாதது. பல ஆண்டுகளாக அந்த மென்மைதான் உண்மையின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. ஆகவே இங்கே என் கண்ணால் கண்டதையும், காதால் கேட்டதையும், தம்முள் கலந்து பேசாத இருவர் தனித்தனியே ஒரே விதமாகச் சொன்னதையும் மட்டுமே எழுதுகிறேன். மற்றவை எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தாலும் அவற்றை விட்டுவிடுகிறேன். கோபத்தோடு எழுதுகிறவருக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டும். நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. வாப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். இலங்கையின் கிழக்கே சவளக்கடையிலும் அதைச் சுற்றிய வயற்கிராமங்களிலும் பிள்ளைகளை ஏற்றிவந்து கல்முனைப் பள்ளிக்கூடங்களில் இறக்குவது அவருடைய தொழில். முன்னாசனத்தில் இருந்து பாதை பார்ப்பது எனக்குப் பிடிக்கும் என்பதால் விடியற்காலையிலேயே அவரோடு புறப்பட்டுவிடுவேன். அது ஜப்பானில் ஓடிக் களைத்து எங்களிடம் வந்த வேன். எஞ்சின் முன்னாசனத்தின் அடியில் இருந்தாலும் அதன் வலு முழுவதும் போய்ச் சேர்வது பின்சில்லுகளுக்கு, பின்சக்கரங்களுக்கு. திருப்புவது முன்சில்லு, தள்ளுவது பின்சில்லு என்று வாப்பா எனக்குச் சொல்லித் தந்திருந்தார்.

மாரி பிறந்தால் அந்தச் சரளைமண் கிறவல் பாதை வேறு பாதையாகிவிடும். வயலிலிருந்து ஏறும் உழவு இயந்திரங்கள் களிமண்ணை அள்ளிவந்து அதன்மேல் பூசிவிட்டுப் போகும். மழை பட்டதும் சவர்க்காரம் தேய்த்ததுபோல் ஆகும். வாப்பாவின் பின் டயர்கள் இரண்டும் அந்த ஆண்டு வெட்டுத் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. மழைக்கு முன் மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாமா வந்தார். உம்மாவின் மூத்த சகோதரர்; கட்டடப் பொருட்கள் விற்கும் கடையின் சொந்தக்காரர்; எங்கள் பள்ளிவாசலில் மரைக்காயர், அதாவது எங்கள் குடியின் சார்பில் சபையில் இருந்து வழக்குத் தீர்ப்பவர். அவரிடமும் எங்களுடையதைப் போன்ற வேன் ஒன்று கடைக்கு ஓடியது. அதன் கதவைத் திறந்து நான்கு டயர்களை எங்கள் வீட்டு வளவுக்குள் உருட்டிவிட்டார். கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் இறக்கும் கூட்டாளி ஒருவர் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவை. அவ்வளவு ஆழமான வெட்டுக்களை நான் எந்த டயரிலும் கண்டதில்லை. ஒவ்வொரு கட்டையின் மேலும் சவர அலகால் கீறியதுபோல் நெளிநெளியான கோடுகள். நகத்தை அழுத்தினால் பதியும்படி இறப்பர் மெத்தென்றிருந்தது.

“மச்சான், இந்த மாரிக்கு ஒங்களுக்கு ஒரு பயமும் இல்ல. ரெண்டு எனக்கு, ரெண்டு ஒங்களுக்கு. சரிசமன்” என்றார் மாமா.

டயரின் பக்கத்தில் ஜப்பானிய எழுத்துக்களுக்குக் கீழே ஆங்கிலத்திலும் ஒரு சொல் இருந்தது. அந்த ஆண்டுதான் நான் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தொடங்கியிருந்தேன்.

“மாமா, இதில ஸ்னோ எண்டு இரிக்கி. ஸ்னோ எண்டா வெளிநாட்டுல கொட்டுற ஐஸ்தானே?”

“ஓம் புள்ள, இந்த முற கல்முனையிலயும் கொட்டுமாம். தொப்பி ஒண்டு எடுத்து வெச்சிக்க.”

டயர் பார்க்க வந்த அயல்வீட்டார் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் வாப்பா மெல்லக் கேட்டார்: “மச்சான், என்ட ரெண்டயும் பின்னுக்குப் போட்டா நல்லமில்லியா? இழுவ பின்னுக்குத்தானே இரிக்கி. பின் டயர் ரெண்டும் மொட்டையாப் பெய்த்து.”

“ஸ்டேரிங் எங்க மச்சான் இரிக்கி? பின்னுக்கா? வண்டி தலையால போறயா, வாலால போறயா?”

இம்முறை சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டால் மேலே சொன்ன கட்டுப்பாட்டுக்குப் பொருளில்லை.

“ஓம் மச்சான், நீங்க சொல்றதும் சரிதான்” என்றார் வாப்பா.

டயர்கள் முன்சில்லுகளுக்குப் போயின. மொட்டை டயர்கள் பின்னால் அப்படியே இருந்தன. அன்று பின்னேரம் உம்மா கொடுத்துவிட்ட வட்டிலப்பத்தோடு மாமா வீட்டுக்குப் போனேன். அவருடைய வேன் வாசலில் நின்றது. அவருடைய பங்கான இரண்டும் பின்சில்லுகளில் பூட்டப்பட்டிருந்தன. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டும் பார்த்தேன்.

வீட்டுக்கு ஓடிவந்து, “மாமா மட்டும் பின்னுக்குப் போட்டிரிக்காரு வாப்பா” என்றேன்.

“அவர்ர முன் டயர் புதுசு மகள்” என்றார்.

மழை தொடங்கி மூன்றாவது வாரம் அது நடந்தது. காலை வேளை, வேனில் ஆறு பிள்ளைகள் ஏறியிருந்தார்கள். வாப்பா வழக்கம்போல் எட்டாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டு வந்தார். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று ஒரு பையன் சொல்லி முடித்தபோது வாய்க்காலோரத் திருப்பத்தில் எதிரே ஓர் உழவு இயந்திரம் வந்தது. வாப்பா அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து ஸ்டேரிங்கை இடப்பக்கம் வெட்டினார். வேனின் முன்பக்கம் அவர் சொன்னதைக் கேட்டது, பின்பக்கம் கேட்கவில்லை. அது தன்பாட்டில் சுழன்று எங்களை முந்திக்கொண்டு போனது. எனக்கு முதலில் வானமும் பிறகு வாய்க்கால் தண்ணீரும் தெரிந்தன. தண்ணீர் முழங்காலளவு. எவரும் சாகவில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் கை முறிந்தது. அந்தப் பிள்ளையும் வாய்ப்பாடு சொன்ன பையனும் இப்போது வளர்ந்தவர்கள். இருவரிடமும் தனித்தனியே கேட்டுவிட்டேன். வாப்பா விழித்திருந்தார், எங்களோடு பேசிக்கொண்டிருந்தார் என்றே இருவரும் சொல்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து, மாலை அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகளின் பெற்றோர் எங்கள் வீட்டு மண்டபத்தில் கூடினார்கள். வாப்பா நித்திரையில் ஓட்டினார் என்ற பேச்சு அதற்குள் ஊரில் பரவியிருந்தது; எங்கிருந்து புறப்பட்டது என்று எனக்குத் தெரியாது. நடுவில் மாமா இருந்தார். வாப்பா பக்கத்து நாற்காலியில். உம்மாவும் நானும் கதவுக்குப் பின்னால் நின்றோம். கை முறிந்த பிள்ளையின் தகப்பன் வயலிலிருந்து நேராக வந்திருந்தார். காலில் சேறு காயவில்லை.

“எங்கட புள்ளயள ஒங்கள நம்பித்தானே ஏத்தி உட்ட. நீங்க நித்திர தூங்கிக்கிட்டு ஓடினா நாங்க ஆருக்கிட்டப் போற?” என்று கேட்டார்.

மாமா கையை உயர்த்தி அவரை அமர்த்தினார்.

“இஞ்ச பாருங்க. எங்கட மச்சான் அப்பிடிப்பட்ட ஆளில்ல. வேனும் நல்ல வேன்தான். டயர்கூட நானே போட்டுக் குடுத்த. ஆனா அவரும் மனிசன்தானே? சுபஹுக்கு முந்தி எழும்புறாரு. ஒரு செக்கன் கண் சொக்கினா ஆர்தான் என்ன செய்யிற?”

காப்பாற்றும் குரலிலேயே ஒருவரைப் புதைத்துவிடலாம். பதினொரு வயதில் எனக்கு அதன் பெயர் தெரியாது. ஏதோ தவறாகப் போகிறது என்பது மட்டும் தெரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

“வாப்பா நித்திர கொள்ளல்ல! எங்களுக்கிட்ட வாய்ப்பாடு கேட்டுக்கிட்டு வந்தவரு. பின்சில்லுதான் வழுக்கின. மொட்ட டயர்!”

உம்மா பின்னாலிருந்து என் வாயைப் பொத்தினார். மண்டபத்தில் இருந்த எல்லாரும் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வாப்பா மாமாவைப் பார்த்தார். பிறகு அந்த விவசாயியைப் பார்த்துச் சொன்னார்:

“புள்ளக்கித் தெரியா. கண் சொக்கினது உண்மதான். மாப்புச் செய்யுங்க.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு பிள்ளைகூட எங்கள் வேனில் ஏறவில்லை. சவளக்கடை முழுவதும் அவர் நித்திரைக்கார டிரைவர் ஆனார். வாய்க்காலிலிருந்து தூக்கிய வேன் கைமாறிப் போயிற்று. வாப்பா மாமாவின் கடையில் சாரதியாகச் சேர்ந்தார்; பின்சில்லுகளில் அந்த இரண்டு டயர்களும் பூட்டிய வேனை, அவை தேயும்வரை, அவரே ஓட்டினார். நான் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. மாமாமீது எனக்குக் கோபமே வரவில்லை. டயர் தந்தவர், கூட்டத்தில் பரிந்து பேசியவர் அல்லவா? பொய் சொன்னவர் வாப்பா. என் வகுப்புத் தோழியரிடம், என் வாப்பா பொய்யர் என்று நானே சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் பேசுவார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டில் வந்து குடியேறுவார். நாங்கள் இருந்த வீடு உம்மாவுக்காக மாமா கட்டியது. வாப்பா அதில் இருபது வருடம் மாப்பிள்ளையாக இருந்தவர். விபத்துக்கு அடுத்த வருடம் என் மூத்த சகோதரிக்கு, ராத்தாவுக்கு, கல்யாணம் பேசி வந்தார்கள். வேன் இல்லாத வாப்பாவால் ஒரு சுவர்கூட எழுப்பியிருக்க முடியாது. அந்த வீட்டையும் மாமாவே கட்டினார். தரைக்கு மாபிள் பதித்து, மாமரத்தில் கதவு போடாமல் தேக்கில் போட்டுக் கட்டினார். இப்படி ஒரு மாமா கிடைக்க வேண்டுமே என்று ஊர் வியந்தது.

இதெல்லாம் மறந்துபோன ஒன்றாகவே இருந்தது, சென்ற பனிக்காலம் நெருங்கும்வரை. நான் இப்போது கனடாவில் வேலை செய்கிறேன். பின்சில்லு இழுவையுள்ள பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். முதற் பனி விழுமுன் டயர்க் கடைக்குப் போய், பனிக்காலத்துக்கு இரண்டு டயர் போதும், அவற்றை முன்னால் போடுங்கள் என்றேன். ஸ்டேரிங் முன்னால்தானே இருக்கிறது என்று விளக்கமும் கொடுத்தேன். கடைக்காரர் கையைத் துடைத்துவிட்டு மறுத்தார். போட்டால் நான்கும் போடவேண்டும். இரண்டைமட்டும் முன்னால் பூட்டித் தன் கடையிலிருந்து இந்தக் காரை அனுப்பமாட்டேன் என்றார். முன்னால் பிடிப்பும் பின்னால் வழுக்கலும் இருந்தால் திருப்பத்தில் வால் தலையை முந்திவிடும், காலை எடுத்ததும் கார் சுழலும் என்று ஒரு கடுதாசியில் கீறிக் காட்டினார். அவர் கீறியது எங்கள் வாய்க்காலோரத் திருப்பம். அவர் உருட்டிவந்த டயரில் அதே நெளிகோடுகள், அதே சொல்.

அன்றிரவே மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அந்தக் காலத்துல இதெல்லாம் ஆருக்கு மகள் தெரியும்? ஒங்கட வாப்பாவே ஒத்துக்கிட்டாரே, கண் சொக்கின எண்டு” என்றார். குரலில் ஒரு சலனமும் இல்லை. பனியைப் பற்றி விசாரித்தார்.

அடுத்து வாப்பாவைக் கேட்டேன்: “நீங்க நித்திர கொள்ளல்லத்தானே வாப்பா?”

தொலைபேசியோடு எழுந்து போய் அவர் கதவைச் சாத்துவது கேட்டது.

“மாமாக்கிட்ட இதக் கதைச்சிராத மகள். ராத்தா அந்த வீட்டுலதானே இரிக்கா.”

கதைத்துவிட்டேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தவை இவ்வளவே. மாமா தன் வேனின் பின்சில்லுகளில் அவற்றைப் பூட்டியது அறிந்துதானா, அல்லது முன் டயர்கள் உண்மையிலேயே புதியவையாக இருந்ததாலா என்பதை உறுதிசெய்ய வழியில்லை. கூட்டத்துக்கு முன் மாமாவும் வாப்பாவும் பேசிக்கொண்டார்களா என்று சொல்லக்கூடியவர் எவரும் முன்வரவில்லை. பதினொரு வயதில் நான் வாப்பா பொய் சொன்னார் என்பதை மட்டும் அறிந்தேன். அந்தப் பொய்யைச் சொல்லாமலிருக்க அவருக்கு இடம் இருந்ததா என்று கேட்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. இப்போது கேட்கிறேன். மாமாவைப் பார்த்த அந்த ஒரு கணத்தில் வாப்பா என்ன கண்டார் என்பது எனக்குத் தெரியாது.