விமானியின் வலது காது

சனிக்கிழமைகளில் நெளுக்குளத்தில் ஒரு பழைய மண்டபத்தில் அரச உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் படிப்பித்து வந்தேன். சிங்களம் பேசுகிறவர்கள் பதவி உயர்வு பெறத் தமிழ்ப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதற்காகத் தபால் கந்தோர்க்காரர், ஆஸ்பத்திரித் தாதி, நில அளவையாளர் என்று பலர் வருவார்கள். மார்கழி மழை ஓய்ந்த ஒரு காலையில் அவரும் வந்து கடைசி வரிசையில் இருந்தார்.

முதல் நாள் எல்லோரும் எழுந்து தங்கள் தொழிலைச் சொல்ல வேண்டும். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டம் போட்ட சேட்டு, கையில் புதுக் கொப்பி.

"நான் ஹெலிகொப்டர் ஓட்டுது," என்றார்.

வகுப்பு சிரித்தது. "ஓட்டுறன்," என்று திருத்தினேன். பிறகு கரும்பலகையில் அழிக்கத் தேவையில்லாத ஒரு வரியை அழித்தேன்.

நான் முள்ளியவளையில் வளர்ந்தவள். யுத்த காலத்தில் ஹெலிகொப்டரின் சத்தம் எங்களுக்கு முதலில் காதில் கேட்காது. உள்ளங்காலில் ஏதோ ஓடும். காதுக்கு வரும்போது நாங்கள் பங்கருக்குள் இருப்போம். இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். எதற்கென்று தெரியாது. கை தானாக வைக்கும்.

வீட்டில் மனுசனிடம் சொன்னேன். அவர் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்கு ஏலுமெண்டால் படிப்பி. ஏலாட்டி விடு. என்னைக் கேக்காதை," என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். அவரும் வந்தார்.

தேநீர் இடைவேளைகளில் அவருடைய கதை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. விமானப்படையில் பல வருடமாக ஒரே பதவியில் இருந்தார். தமிழ் சித்தியடையாவிட்டால் அடுத்த பதவி இல்லை. இருக்கும் பதவிக்கு ஒரு வயதெல்லை உண்டு. அது வந்துவிட்டால் பென்சனோடு வீட்டுக்குப் போக வேண்டும்; குடியிருக்கும் குவாட்டர்ஸையும் விட வேண்டும். மகள் அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தாள். நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது என்று மனைவி ஒவ்வொரு இடைவேளையிலும் ஃபோன் எடுத்துச் சொல்லுவார். கூடப் பயின்றவர்களில் சிலர் பென்சனை எடுத்துக்கொண்டு வெளிநாட்டு விமானக் கம்பனிகளுக்குப் போய்விட்டார்களாம். இவருக்கு அதில் விருப்பமில்லை.

"அது பஸ் ஓட்டுற மாதிரி, ரீச்சர். மரத்துக்குக் கிட்டப் போகேலாது," என்றார்.

அவர் கெட்டிக்காரர். இலக்கணம் சீக்கிரம் பிடிபட்டது. சொல்வதெழுதுதலில் மட்டும் விழுந்துகொண்டே இருந்தார். "மழை வருகிறது" என்று சொன்னால் "மலை வருகிறது" என்று எழுதுவார்.

"வன்னியில எங்க, சேர், மலை?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார்.

ழகரம் எங்களுக்கே பேச்சில் ளகரமாகத்தான் வரும். அதற்காக ஆளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சில நாட்கள் அவருடைய தாளில் முழு வசனங்களே இல்லை. சில நாட்கள் எல்லாம் சரி. யோசித்துப் பார்த்தபோது, நான் அவருக்கு இடப்பக்கம் நின்று சொன்ன நாட்களில்தான் சரியாக இருந்தது. ஒருநாள் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது அவருடைய வலது தோளுக்குப் பின்னால் நின்று, "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று மெல்லக் கேட்டேன். முன்னால் இருந்த தாதி திரும்பிப் பார்த்தார். விமானி மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார்.

இடைவேளையில் அவரே என்னிடம் வந்தார். தாதி சொல்லியிருக்க வேண்டும்.

"கண்டுபிடிச்சிட்டீங்க, ரீச்சர்."

"எவ்வளவு காலமா?"

"தெரியாது. இஞ்சின் சத்தத்தில கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு."

"டொக்டருக்குத் தெரியுமோ?"

அவர் தலையாட்டி மறுத்தார். வருடாவருடம் நடக்கும் பரிசோதனையில், எத்தனை நொடிக்கு ஒருதரம் சத்தம் வரும் என்று மனதுக்குள் எண்ணி, வராத சத்தத்துக்கும் பொத்தானை அழுத்துவாராம். "தெரிஞ்சா என்னைக் கீழ இறக்குவாங்க. யாருக்கும் சொல்லாதீங்க."

"நான் தமிழ் ரீச்சர். காது டொக்டர் இல்லை," என்றேன்.

சொல்லிவிட்டு வந்தேனே தவிர, அந்த இயந்திரத்தில் அவரோடு ஏறுகிறவர்களை நினைத்துப் பல நாட்கள் மனம் சரியில்லை.

அதன்பிறகு வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் அவருக்குத் தனியாகப் படிப்பித்தேன். இடப்பக்கம் கதிரையைப் போட்டு இருந்துகொள்வேன். ழகரத்துக்கு நாக்கு எங்கே மடிகிறதென்று வாயைத் திறந்து காட்டினேன். என் ஐம்பது வயதில் ஒரு விமானப்படை உத்தியோகத்தருக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு இருப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

வாய்மொழிப் பரீட்சைக்குப் பயிற்சியாக ஒருநாள், "நீங்கள் வேலைக்குப் போற பாதையைச் சொல்லுங்கோ," என்றேன். தபால் கந்தோர்க்காரர் என்றால் சந்தி, கடை, பாலம் என்று சொல்லுவார். இவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"விடியப் போனா, கீழ எல்லாம் பனிப்புகார். குளங்கள்தான் முதல்ல முழிக்கும். ஒண்டு, பிறகு பக்கத்தில ஒண்டு. பிறகு வயல். வரம்பில ஒரு சைக்கிள் போகும். ஆள் தெரியாது, நிழல் நீளமாத் தெரியும். முள்ளியவளைக்கு மேல வந்தா, பனைகளின்ர தலை மட்டும் புகாருக்கு வெளிய. தண்ணிக்குள்ள நிக்கிற ஆக்கள் மாதிரி. பிறகு கடல். கடல் வரேக்க சத்தமே இல்லாத மாதிரி இருக்கும்."

நான் பிழை திருத்தவில்லை. அந்தப் பனைகளின் அடியை எனக்குத் தெரியும். வேர் எங்கே காலைத் தடக்கும், ஓலை விழுந்தால் எந்த வேலியில் விழும் என்றெல்லாம் தெரியும். தலையை ஒருநாளும் கண்டதில்லை. அந்தக் கதிரையில் இருந்தபடியே நான் எங்கள் ஊருக்கு மேலே போய்க்கொண்டிருந்தேன். எங்கள் கிணறு ஒரு காசளவுக்கு மினுங்கியது. யாரோ வேலிப் படலையைத் திறந்தார்கள். அம்மாவாக இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். கூப்பிட்டால் கேட்காத உயரம். கீழே இறங்க மனம் வரவில்லை.

மண்டபத்துக் காவலாளி ஜன்னல் சாத்தும் சத்தத்தில் திரும்பி வந்தேன். வந்ததும் வாயில் அந்தக் கேள்வி நின்றது.

"அந்த நாட்களிலயும் நீங்கள் பறந்தனீங்களோ?"

அவர் பேனையை மூடினார்.

"பறந்தனான். காயப்பட்டவங்களை ஏத்தினனான். எங்கட ஆக்களை." பிறகு, "கீழ சனம் ஓடுறதைப் பாத்தனான், ரீச்சர். மேல இருந்து பாத்தா ஓடுற மாதிரி இருக்காது. மெதுவா நகருற மாதிரித்தான் இருக்கும்," என்றார்.

"நாங்கள் ஓடினனாங்கள்," என்றேன்.

"ஓம்," என்றார்.

கொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் போனபிறகும் அங்கேயே இருந்தேன். அடுத்த கிழமை வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வீட்டுப்பாடம் முழுக்கச் செய்திருந்தார்.

பரீட்சையில் சித்தியடைந்தார். ஒரு பெட்டி கேக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். அதற்குப் பிறகு சில மாதங்கள் ஆளைக் காணவில்லை.

ஒரு பின்னேரம் வகுப்பு முடியும் நேரத்தில் வாசலில் நின்றார். மெலிந்திருந்தார். கதிரையில் இருத்தி, என்ன விசயம் என்று கேட்டேன்.

தரையிறங்கும்போது மின்கம்பி இருக்கிறது என்று பின்னால் இருந்தவர் இரண்டுதரம் சொல்லியிருக்கிறார். இவருக்குக் காதில் விழவில்லை. பக்கத்தில் இருந்த இளம் விமானி கண்டு, தானே மேலே எழுப்பிவிட்டார்.

"ஒண்டும் நடக்கேல்லை, ரீச்சர். யாரும் என்னைக் கேக்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பயம் வந்தது. அடுத்த நாள் நானே டொக்டரிட்டப் போய்ச் சொன்னனான்."

"நானும் முந்தியே சொல்லியிருக்கலாம்," என்றேன். அது உண்மையாகவே என்னைக் குத்தியது.

"நீங்க சொல்லியிருந்தா, நான் அது பொய் எண்டு சொல்லியிருப்பன்."

பறப்பதிலிருந்து அவரை நிறுத்திவிட்டார்கள். பதவி உயர்வு மட்டும் வந்தது, மேசை வேலை. மகளின் பரீட்சை முடியும்வரை குவாட்டர்ஸ் இருக்கும். அதற்குப் பிறகு பென்சனுக்கு எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

"வீட்டில மனுசி என்ன சொன்னவா?"

"முதல்ல அழுதா. பிறகு சிரிச்சா. இனிப் பின்னேரத்தில வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லையாம்."

"உங்களுக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே வெயில் இறங்கி, மண்டபத்துத் தரையில் ஜன்னல் கம்பிகளின் நிழல் நீண்டு கிடந்தது.

"எனக்கு ஒரு கதிரையும் ஒரு ஜன்னலும் தந்திருக்கினம். முகில் பாக்கிறன். இருபது வருசத்துக்கு மேல அதுக்குள்ளால போய் வந்தனான், நிண்டு பாத்ததில்லை. நேற்று ஒரு முகிலைத் துவக்கத்தில இருந்து பாத்தனான். பெருசாகி, ரெண்டாகி, மெல்லமா இல்லாமப் போச்சு."

"பிறகு?"

"பிறகு ஃபைலை எடுத்தன்," என்றார்.

இருவரும் சிரித்தோம். கதவைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்பிடம் வரைக்கும் ஒன்றாக நடந்தோம். நான் அவருடைய இடப்பக்கமாக நடந்து வந்தேன்.