தயாளன் கடைக்குப் பக்கத்து மேசை

மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர் அபிதகுஜாம்பாள். மயிரிழை பிசகினாலும் அந்தப் பாகத்தைச் சிவப்புத் தொட்டியில் தூக்கிப் போட்டுவிடுவார். சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் திரும்ப எடுக்கமாட்டார். பொழிச்சலூர் வீட்டில் அவருடைய பீரோவில் புடவைகளைவிட நாணய ஆல்பங்கள்தான் அதிகம்.

எட்டு வருடங்களுக்கு முன், பம்மலில் ஒரு வெள்ளிக் கடையில் உருக்கப் போட்டிருந்த குவியலில் 1939ஆம் வருஷத்து ஒரு ரூபாய் நாணயம் அவர் கண்ணில் பட்டது. அந்த வருஷத்து ரூபாய் லேசில் அகப்படாது. படபடப்போடு வாங்கிவந்தவர், அந்த ஞாயிறே தாம்பரத்தில் நடந்த நாணயக் கண்காட்சிக்கு எடுத்துப்போய்த் தயாளன் என்ற வியாபாரியிடம் காட்டினார். "வெளிச்சத்துல பாத்துட்டுத் தரேன்" என்று தட்டிக்குப் பின்னால் போன தயாளன், திரும்பி வந்து, "டூப்ளிகேட்டும்மா. வூட்ல வெச்சு அழகு பாரு" என்று கையில் கொடுத்துவிட்டார்.

வீட்டில் எடை போட்டபோதுதான் விளங்கியது. காலையில் பதினொன்றரை கிராமுக்கு மேல் காட்டிய நாணயம் இப்போது பத்தரையைத் தாண்டவில்லை. நாணயத்தில் பொறித்திருந்த ராஜா தலையில் காதுக்குக் கீழே இருந்த கீறலையும் காணோம். இது வேறு நாணயம்.

மறுபடியும் தாம்பரத்துக்கு ஓடினார்.

"இன்னா மேடம், எங்கியோ ஏமாந்துட்டு வந்து என் தலைல கட்றியா?" என்று தயாளன் ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பொம்பளைங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை" என்றார் ஒருவர்.

போலீசுக்குப் போக அவரிடம் அத்தாட்சி ஏதும் இல்லை. அழவும் இல்லை. வீட்டிலிருந்ததைவிட நுணுக்கமான தராசு, கனம் அளக்கும் வெர்னியர், பூதக்கண்ணாடி எல்லாம் வாங்கினார். ஷிஃப்ட் முடிந்து வந்து, அசல் எது, வார்ப்பு எது, தேதியைச் சுரண்டி மாற்றியது எது என்று நோட்டு நோட்டாகக் குறித்தார். சலிப்பு தட்டும்போதெல்லாம் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொள்வார், தூக்கம் போய்விடும். சில வருடங்களில் சேகரிப்பாளர்களே சந்தேகம் கேட்டு அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள்.

இந்த வருடக் கண்காட்சியில், வாங்கிய நாணயம் அசலா என்று இலவசமாகப் பார்த்துச் சொல்ல ஒரு மேசை போட முடிவானது. கண்காட்சி நடத்தும் சங்கத்தின் செயலாளர் சத்யநாராயணன் அவரைத்தான் கேட்டார்.

"எந்த இடம் வேணும் மேடம்? ஃபேனுக்கடியில போடட்டுமா?"

"ஃபேன் வேண்டாம் சார். தயாளன் கடைக்குப் பக்கத்துல போடுங்க."

காலை பத்து மணிக்கு முதல் ஆள் வந்தார். அவர் தயாளனிடம் வாங்கியிருந்த விக்டோரியா ரூபாயைத் தராசில் வைத்தார் அபிதகுஜாம்பாள். விளிம்பைத் திருப்பிக் காட்டினார். "இந்தக் கோடு தெரியுதா? அச்சடிச்சதுல இது வராது. இது உருக்கி வார்ப்புல ஊத்தினது." சத்தம் போடாமல்தான் சொன்னார். ஆனாலும் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். மதியத்துக்குள் தயாளன் விற்றதில் பதினான்கு நாணயங்கள் அந்த மேசைக்கு வந்தன. அவற்றில் ஒன்பது போலி. ஒவ்வொரு முறை "போலி" என்று சொல்லும்போதும் நாக்கில் வெல்லம் கரைந்தது.

பதினைந்தாவதாகச் சேலையூரிலிருந்து வந்திருந்த கெசியா என்ற நர்ஸ் ஒரு சோழர் செப்புக்காசை நீட்டினாள். அதுவும் தயாளனிடம் வாங்கியதுதான். மேசையைச் சுற்றிக் கூட்டம் காத்திருந்தது. காசு சுத்தமான அசல். போலி என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தோடு தயாளன் கதை முடிந்துவிடும். யாரும் மறுத்துப் பேசப் போவதில்லை. அபிதகுஜாம்பாள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய்வரை வந்துவிட்டது.

"அசல்தாம்மா. பத்திரமா வெச்சுக்கோ" என்றார். சொன்ன பிறகு அவருக்குத் தன்மீதே எரிச்சலாக வந்தது.

அந்த ஒன்று தயாளனைக் காப்பாற்றவில்லை. போலி வாங்கிய ஒன்பது பேரும் அவர் கடையை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். வியர்த்து வழிய அவர் இந்தப் பக்கம் வந்தார்.

"ஏம்மா, பொழப்புல மண்ணப் போடறியே, நான் உனக்கு இன்னாம்மா பண்ணேன்?"

அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அபிதகுஜாம்பாளுக்குக் காது ஜிவ்வென்று சுட்டது. எட்டு வருடம் எரிந்தது இவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை!

"ஞாபகம் வர்ற வரைக்கும் யோசிங்க" என்று சொல்லிவிட்டு, "அடுத்தது யாரு?" என்றார்.

மூன்று மணிக்குச் சங்கம் தயாளனை வெளியேறச் சொன்னது. அவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவதைக் கடைசிப் படி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார் அபிதகுஜாம்பாள்.

"பாவம் மேடம், அடுத்த மாசம் செங்கல்பட்டு ஷோல கடை போடறாராம். இந்த விஷயம் அங்க போகாம இருந்தா சரி" என்றார் சத்யநாராயணன்.

தராசைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த அபிதகுஜாம்பாள் நிமிர்ந்தார்.

"செங்கல்பட்டா? என்ன தேதி சார்?"