காலி செய்யாத வீடு

எங்கள் ஊர் களிமண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். சம்பா அறுத்த மறுமாதமே வயலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடும். அது வரப்போடு நிற்குமா? வரப்பேறி, முருங்கை மரம் தாண்டி, எங்கள் மேற்குச் சுவருக்குள் வந்து படுத்துக்கொள்ளும். அம்மா விரிசலின் மேல் தேர்தல் சுவரொட்டியைக் கஞ்சி தடவி ஒட்டுவாள். கோடை முடிவதற்குள் வேட்பாளரின் சிரிப்பு இரண்டாகக் கிழிந்திருக்கும்.

வீடு எங்களுடையது, மனை பண்ணையாருடையது. அப்பா அவர் வயலில் கூலி. குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று ஆட்சி சட்டம் போட்டிருந்தது. தாலுகா ஆபீசிலிருந்து வந்து பார்ப்பார்கள், ஆள் குடியிருந்தால் பட்டா. பண்ணையாரின் காரியஸ்தர் ஒருநாள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே சிரித்தார்.

"ஏண்டா, சரிஞ்ச சொவத்துக்கு எவன்டா பட்டா குடுப்பான்? பாழ்மனைன்னு எழுதிட்டுப் போயிடுவான்."

அன்றே அப்பா குத்தாலத்துக் கொத்தனாரைக் கூட்டிவந்தார். முன்பல் இல்லாத மனிதர். சுவரடியில் கடப்பாரையை இறக்கிப் பார்த்துவிட்டு, அஸ்திவாரத்துக் கடைக்கால் முழங்கால் ஆழம்கூட இல்லை என்றார். கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்கு அடியில் தோண்டி, ஈரம் காயாத அடிமண் வரை போய், அங்கிருந்து செங்கல் கட்டி ஏற்ற வேண்டும்.

"ஒரு குழி கட்டி இறுகுன பொறவு, தள்ளி இன்னொண்ணு. பக்கத்துல பக்கத்துல தோண்டக் கூடாது. எல்லாப் பல்லையும் ஒரே நாள்ல புடுங்குனா என் வாய் மாதிரிதான். முடியிற வரைக்கும் வூட்டக் காலி பண்ணிடுங்க."

"அது மட்டும் முடியாது கொத்தனாரே. நாங்க எறங்குனா அவங்க ஆளு பூட்டுப் போட்டுடுவான்."

அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "ஒல கொதிக்கிற வூட்டப் பாழுன்னு எழுதுறவன் எழுதட்டும், பாக்கறேன்."

அடுப்பு மேற்குச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அவள் உள்ளே சமைத்தாள், கொத்தனார் வெளியே தோண்டினார். முதல் குழி கட்டி முடிந்த மறுநாள் அவர் ஒரு சாவுக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்துச் சேதி வந்தது, நாளை மறுநாள் அதிகாரி வருகிறார் என்று. அப்பா கடப்பாரையை எடுத்தார். முதல் குழியின் சாந்து இன்னும் விரலுக்கு நசுங்கியது. அதை ஒட்டியே இரண்டாவதைத் தோண்டினார். நான்தான் கூடையில் மண் சுமந்தேன். கொத்தனார் சொன்ன பல் கதையைக் கேட்டவள் நான். வாய் திறக்கவில்லை.

சுவர் முதலில் உட்கார்ந்தது, களைத்த ஆள் உட்காருவதுபோல. பிறகு உள்பக்கம் சாய்ந்தது. அம்மா உள்ளே இருந்தாள்.

மாயவரம் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டி எடுத்துப் போனோம். அவள் திரும்பி வரவில்லை. அவளை எரித்த மறுநாள் காலையில் அப்பா, எஞ்சிய மூன்று சுவருக்கு நடுவே கல் கூட்டி, விறகு வைத்து, பானையை ஏற்றினார். பானையில் அரிசி இல்லை, வெறும் தண்ணீர். அதிகாரி வந்தார், புகையைப் பார்த்தார்.

"யாருய்யா குடியிருக்கா?"

"நாங்கதாங்க."

எழுதிக்கொண்டு போனார். பட்டா வந்தது.

பின்னால் அதே மனையில் அப்பா கட்டிய ஓட்டு வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன். அப்பா இல்லை. இந்தக் கோடையில் மேற்கே மறுபடி விரிசல். கடைக்காலுக்கு அடியில் கான்கிரீட் கட்டி ஏற்றலாம் என்கிறார் இன்ஜினியர், நல்ல பிள்ளை. "மேடம், பத்து நாள் மட்டும் காலி பண்ணிக் குடுங்க, போதும்."

சரி என்றேன். தஞ்சாவூரில் அறை பார்த்தாயிற்று, பெட்டியெல்லாம் வேனில் ஏறிவிட்டது. பூட்டுப் போட வர இனி ஒருவரும் இல்லை. வாசலில் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நான் அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீரை ஏற்றிவிட்டு, பக்கத்தில் நிற்கிறேன்.