சுவர் வெடித்தது

புயல் வருகிறது, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய வாகனமொன்று அன்புவழிபுரத்து ஒழுங்கைகளில் சொல்லிக்கொண்டு போனது. எங்கள் பக்கத்தில் ஒருவரும் அசையவில்லை. வீட்டை விட்டு வெளிக்கிடச் சொல்லும் எந்தக் குரலையும் அந்த யுத்த வருடங்களில் நாங்கள் நம்புவதில்லை.

"எங்களை எழுப்பிப்போட்டு ஆமிக்காரர் வீடு வீடாய்த் தேடப்போறாங்கள்" என்றார் அப்பா. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். கடல் கறுத்துக் கிடந்ததைக் கண்டுவிட்டு வந்தும் அப்படித்தான் சொன்னார்.

காற்று தொடங்கியதும் அம்மா பழக்கதோஷத்தில், ஷெல்லுக்குப் பயந்து முற்றத்தில் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கப் போனா. அதற்குள் முழங்காலளவு தண்ணீர். குசினிக்கு மட்டும் கொங்கிறீற் கூரை என்பதால் மூவரும் அங்கே ஜன்னலுக்குத் தள்ளிக் குந்தியிருந்தோம். விடிந்தபோது கூரைத் தகரம் பாதியைக் காணவில்லை. முன்னறைச் சுவர் மேலிருந்து கீழ்வரை வாய் பிளந்து நின்றது.

வீடு வங்கிக் கடனில் கட்டியது. கடனோடு காப்புறுதியும் எடுக்கவைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான் என்பதால் நட்டஈட்டுக்கு எழுதும் வேலை என்னிடம் வந்தது. கூரைக்கு மேல் படங்கு கட்டினோம். யாராவது வந்து பார்க்கும்வரை சுவரைப் பூச வேண்டாமென்று அப்பாவை மறித்து வைத்தேன்.

தமிழில் எழுதி அனுப்பினேன். பதில் கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. உங்கள் வீட்டில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பொலிஸ் அறிக்கை அனுப்பவும், யுத்தச் சேதத்துக்கு நட்டஈடு கிடையாது என்று இருந்தது.

"நீ என்ன எழுதினனீ?" என்றார் அப்பா.

"காத்துக்குச் சுவர் வெடிச்சிட்டுது எண்டுதான் எழுதினனான்."

"வெடிச்சதுதானே?"

"ஓம். ஆனா அதை ஆரோ இங்கிலிசில குண்டாக்கிப்போட்டாங்கள்."

அதற்குப் பிறகு கூரையைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு தமிழ் வீடு, அதற்குள் இளந்தாரிப் பெடியன் ஒருத்தன், அந்த வீட்டில் குண்டு வெடித்ததென்று கொழும்பில் ஒரு காகிதம். அது யார் கைக்குப் போகுமோ என்பதுதான் எங்கள் பயம்.

"பொலிசுக்குப் போய், எங்கட வீட்டில குண்டு வெடிக்கேல்லை எண்டு எழுதித் தாங்கோ எண்டு கேக்கிறதோ?" என்றா அம்மா. "கேக்கப் போனவன் திரும்பி வருவானோ?"

நான் பொலிசுக்குப் போகவில்லை. விளக்கமாக இன்னொரு கடிதம் எழுதினேன். சில கிழமைகளில் கமராவோடு ஒருவர் வந்தார். சிங்களவர், தமிழ் ஓரளவு பேசினார். காப்புறுதி ஆள் என்று அவர் சொன்னதை அம்மா நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் மகனை உள்ளே அனுப்பினார்.

வந்தவரும் எங்களை நம்பவில்லை. சுவரில் ஒரு துவாரத்துக்குள் விரலை விட்டார்.

"இது என்ன ஓட்டை?"

"கலண்டர் ஆணி" என்றேன்.

"கலண்டர் எங்கே?"

"காத்தோட போச்சு."

"எல்லாம் காத்துதான்" என்றவர் அம்மாவிடம் திரும்பினார். "அம்மா, சுவர் வெடிச்ச நேரம் சத்தம் கேட்டதா?"

"காத்துச் சத்தத்தில என்னத்தைக் கேக்கிறது மாத்தையா?"

"வெடிச்சால் சத்தம் வரும்தானே?"

அம்மா செருப்பைக் கழற்றிக் குதிக்காலைத் திருப்பிக் காட்டினா. பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. "இதுவும் வெடிச்சதுதான். இதுக்கு ஆர் குண்டு வைச்சது?"

அப்பாவின் முகம் வெளிறியது. வந்தவர் குனிந்து குதிக்காலைப் பார்த்தார், நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எங்கட அம்மாவுக்கும் இருக்கு" என்றார். கதிரையில் அமர்ந்து, சுவரில் புயலால் விழுந்த பிளவு என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

"முதல் எழுதினதை எடுத்துவிட ஏலுமோ?" என்று கேட்டேன்.

"ஏலாது தம்பி. கோப்புக்குள்ள போனது போனதுதான். ரெண்டும் இருக்கும்."

பணம் வந்தது. புதுத் தகரம் வாங்கி அப்பாவும் நானும் கூரையில் ஏறினோம். ஒழுங்கையில் ஆமி ஜீப் ஒன்று வேகம் குறைக்கும் சத்தம் கேட்டால் அப்பா சுத்தியலை நிறுத்துவார். "நீ இறங்கி உள்ளுக்குப் போ" என்பார். நான் இறங்கிப் போவேன்.