பிஷப்பிடம் கேள்வி கேட்கும் தைரியத்தை ஆண்டவர் தந்தார்

சகோதர சகோதரிகளே, நான் படுக்கையை விட்டு எழும்ப முடியாமல் கிடந்த கதையைச் சொல்லப்போகிறேன். வெட்கத்தோடு அல்ல, பெருமையோடுதான்.

எண்பத்தாறாம் ஆண்டு குளிர்காலம். நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரின் நியூ லின் பகுதியில் ஒரு வாடகை வீடு. இரண்டாவது மகள் பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் அழுவது எனக்குக் கேட்கும். எழும்ப முடியாது. துவைத்த துணி காயாமல் கூடையிலேயே கிடந்து நாறும். எனக்கு அழுகைகூட வராது. நான் இல்லாமல் போனால்தான் பிள்ளைகளுக்கு நல்லது என்ற எண்ணம் வரத் தொடங்கியது.

நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். ஆக்லாந்துக்கு வந்த பிறகு மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் ஞானஸ்நானம் பெற்றோம். அதோடு ஊரிலிருந்து கடிதம் வருவது நின்றது. இங்கிருந்த சில தமிழ்க் குடும்பங்களும் விலகிக்கொண்டன. சபைதான் எங்களுக்குச் சொந்தபந்தம். ஞாயிறுதோறும் அங்கே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதை நிறுத்தியபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது.

சபையை நடத்தும் பிஷப் வீட்டுக்கு வந்தார். எங்கள் சபையில் பிஷப்புக்குச் சம்பளம் இல்லை. அவர் கிழமை நாட்களில் கடையில் கம்பளம் விற்பவர், நல்ல மனிதர். என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். இன்னும் ஜெபியுங்கள், உபவாசம் இருங்கள், பாரம் நீங்கும் என்றார். அப்படியே செய்தேன். பால் குறைந்தது. பிள்ளை மெலிந்தாள். நான் இன்னும் கீழே போனேன்.

டாக்டர் இதை மனச்சோர்வு நோய் என்று சொல்லி மாத்திரை எழுதித் தந்தார். பிஷப்போ, மாத்திரையை நம்பினால் விசுவாசம் குறைந்துவிடும் என்று கவலைப்பட்டார். நான் மாத்திரையை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஒருநாள் காலை, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். ஜெபிக்கச் சொற்கள் இல்லை. “ஆண்டவரே, நான் விசுவாசம் இல்லாதவளா? அதையாவது சொல்லும்” என்று மட்டும் கேட்டேன்.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நெஞ்சு கொஞ்சம் இளகியது. பிஷப்பிடமே போய்க் கேள் என்ற எண்ணம் தெளிவாக வந்தது. பல மாதங்களாக என் மனதில் தெளிவாக எதுவுமே வந்ததில்லை. அது என்னுடையது அல்ல என்று எனக்குத் தெரியும்.

என் கணவர் ராஜன் பயந்தார்.

“பிஷப்பை எதிர்த்துக் கதைக்கிறதோ? இந்தச் சனத்தையும் விட்டால் எங்களுக்கு ஆர் இருக்கினம்?”

நான் இல்லாமல் போனால் நல்லது என்று எனக்கு வந்துகொண்டிருந்த எண்ணத்தை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்தார்.

“நீர் கேளும். நானும் பக்கத்தில வந்து இருக்கிறன்.”

ஞாயிறு ஆராதனை முடிந்து பிஷப்பின் அறைக்குப் போனோம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

“பிஷப், மாத்திரை வேண்டாம் என்று கடவுள் உங்களுக்குச் சொன்னாரா? இல்லை, அது நீங்கள் நினைப்பதா?”

அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நான் நினைப்பதுதான், சகோதரி. கடவுளிடம் நான் கேட்கவே இல்லை.”

தன் தாய்க்கும் இப்படி இருந்தது, வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இன்றே மாத்திரையைத் தொடங்குங்கள் என்றார்.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. பிள்ளையைப் புட்டிப்பாலுக்கு மாற்றினேன். மெல்ல மெல்ல நித்திரை வந்தது, பசி வந்தது. கோடை வந்தபோது மறுபடியும் பிள்ளைகளோடு பாடினேன். எல்லோரும் உபவாசமிருந்து சாட்சி சொல்லும் ஞாயிறு ஒன்றில் நானும் எழுந்து நின்றேன். நான் இன்று சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன், மாத்திரை எடுக்கிறேன், ஆண்டவர் என்னை நேசிக்கிறார் என்று சொன்னேன். கூட்டம் முடிந்ததும் சமோவாத் தீவைச் சேர்ந்த ஒரு சகோதரி என்னைக் கட்டிப்பிடித்து, அந்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்று காதுக்குள் கேட்டார். அவரை டாக்டரிடம் தன் காரில் கூட்டிப்போனவர் பிஷப்தான்.

அதனால் சொல்கிறேன், இருட்டுக்குள் இருப்பவர்களே, கடவுளிடம் கேளுங்கள். அவருடைய பெயரால் பேசுகிறவர்களிடமும் மரியாதையோடு கேளுங்கள். கேட்டதற்காக ஆண்டவர் என்னைத் தள்ளிவிடவில்லை. நான் கேட்டேன். அதனால்தான் இன்று உயிரோடு உங்கள் முன்னால் நிற்கிறேன்.