அக்கா தவறாகக் கேட்ட சொல், சரியாகக் கேட்ட கேள்வி

அக்கா காலமாகி இன்றோடு ஒரு வருஷம். நினைவு மலரில் அவரைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவருக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரி, ஓட்டல், போர்வெல் வண்டி என்று ஊர் ஊராகப் போனவன். ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லை. இதையும் வேப்பூரில் ஒரு கடை பெஞ்சில் ஆரம்பித்து, பஸ் வந்ததும் மடித்து வைத்து, வேறு ஊரில் தொடர்ந்து எழுதியிருக்கிறேன். முன்னே பின்னே இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கடலூர் மாவட்டத்து மங்களூர் பக்கத்தில், வானம் பார்த்த பூமி. தொடர்ந்து மழை பொய்த்தபோது அப்பா எங்களை விருத்தாசலத்துக்குக் கூட்டி வந்தார். அக்கா பீங்கான் கம்பெனியில் சேர்ந்தார். அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் சாமான்களின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்து எடுக்கும் வேலை. கல்யாணம் ஆயிற்று. மகள் சுகன்யா தத்தி நடக்கிற வயதில் மாமா காய்ச்சலில் இறந்துபோனார். காரியம் முடிந்ததும் அக்கா மறுபடி வேலைக்குப் போனார். அந்த வருஷங்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. நானும் அதை இங்கே நீட்டப் போவதில்லை. நான் எந்த ஊரிலிருந்து எப்போது வந்து நின்றாலும் "சாப்ட்டியா" என்று கேட்பார். "எப்ப போவ" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்கு முக்கியமாகத் தெரிவது சுகன்யாவின் பிரசவம்தான். சுகன்யாவைச் சேத்தியாத்தோப்பில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குச் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அக்கா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அப்போதே பேச்சு தொடங்கிவிட்டது. கம்பெனி இன்சூரன்ஸில் பிரசவச் செலவும் உண்டு, விருத்தாசலத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்த அட்டை செல்லும், அங்கேதான் பார்க்க வேண்டும் என்றார் சம்பந்தியம்மா. தெருவுக்கு வரும் நர்சம்மாவோ, பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது, கால் வீங்குகிறது, பிள்ளையும் எடை குறைவாகத் தெரிகிறது, கடலூர் கவர்மெண்ட் பெரிய ஆஸ்பத்திரியில் பார்ப்பதுதான் நல்லது என்று வந்த போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. நர்சம்மா சொன்னதை அவர் தள்ளவில்லை. ஆனால் ஒற்றை அறை வீட்டிலேயே காலம் கழித்தவர். பிள்ளை பெற்ற பெண் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகப் படுக்கத் தனியாரில் ஓர் அறை கிடைக்கிறது என்றால் அவருக்கும் ஆசை இருக்காதா? அந்த நாட்களில் கம்பெனியில் கை ஒன்றைத் துடைக்கும், மனசு வேறெங்கோ இருக்கும். ரெண்டு கோப்பைக்குக் காது உடைந்துபோச்சு என்று அவரே சொன்னார்.

இப்படி இருக்கும்போது மாப்பிள்ளை லீவில் வந்தார். சுகன்யாவை அழைத்துக்கொண்டு அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துவிட்டு, அங்கிருந்தே அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா கம்பெனியில் இருந்தார். பக்கத்தில் மண் அரைக்கும் டிரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளை சொன்னது, "அத்த, கேஷ்லெஸ்ஸுன்னு சொல்லிட்டாங்க. இனிமே கவலையே படாதீங்க" என்பது. எங்கள் ஊர் வாயில் கேஷும் கேசும் ஒன்றுதான். அக்கா காதில் விழுந்தது, "கேஸு லேசுன்னு சொல்லிட்டாங்க."

அக்கா அன்றைக்குச் சந்தோஷமாக வீடு திரும்பினார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கேஸு லேசு என்று சொல்லிவிட்டார்கள் என்று தெருவில் நான்கு பேரிடம் சொன்னார். நர்சம்மாவிடமும் சொன்னார். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, எதற்கும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிப் போனாராம்.

இரண்டொரு நாளில் நான் போய்ச் சேர்ந்தேன். மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பியிருந்தார். அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அதே சேதியைச் சொன்னார். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த சுகன்யாவிடம், டாக்டர் வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எந்த டாக்டரு மாமா? டாக்டர நாங்க பாக்கவே இல்லியே. முன்னாடி இன்சூரன்ஸுக்குன்னு ஒரு பொண்ணு ஒக்காந்திருந்துச்சு. அதுதான் அட்டைய பாத்துட்டு கேஷ்லெஸ்ஸுன்னு சொல்லுச்சு. நாம கையில காசு கட்ட வேணாமாம்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு அவராகவே சிரித்தார். "கொளஞ்சியப்பர் கோயில்ல சாமிக்கு சீட்டு எழுதி பிராது கட்டலாம்னா யாரு மேல கட்டறது? என் காது மேலதான் கட்டணும்" என்றார். சிரிப்பு அதோடு நின்றது. மகளின் காலைத் தொட்டுப் பார்த்தார். விரல் அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். டாக்டர் பெண்ணைப் பார்த்துச் சொல்லாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்ப்பதாக இல்லை என்றார். அன்று சாயங்காலமே சம்பந்தியம்மா பஸ் பிடித்து வந்துவிட்டார். வந்தவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"இன்சூரன்ஸு இருக்கும்போது எங்க மருமவ தர்மாஸ்பத்திரியில போயி படுக்கணுமா? எங்க சனங்க என்னா பேசுவாங்க? ஒங்களுக்கு அலைய முடியலன்னா சொல்லுங்க, நாங்க எங்க வூட்டுக்கு இட்டுகினு போயி பாத்துக்கறம்."

பெண்ணைப் பெற்றவர்கள் சம்பந்தி வீட்டாரிடம் குரலைத் தாழ்த்தியே பழகியவர்கள். அக்காவும் அப்படித்தான் இருந்தார். அன்றைக்கும் குரல் உயரவில்லை.

"அட்டைய நான் ஒண்ணும் கொற சொல்லல சம்பந்தி. அட்டைய பாத்து சொல்லிட்டாங்க. பொண்ண யாரு பாத்து சொன்னாங்க? அத மட்டும் சொல்லுங்க."

சம்பந்தியம்மா பேச்சை மாற்றினார். பாண்டிச்சேரியில் பார்க்கலாம், சென்னையில் பார்க்கலாம், அட்டை எங்கேயும் செல்லும் என்றார். அவ்வளவு தூரம் போகிற வழியில் அழுத்தம் ஏறினால் என்ன செய்வது என்று அக்கா கேட்டார். கடைசியில், மறுநாள் எல்லாரும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கே போவது, டாக்டர் என்ன சொல்கிறாரோ அதன்படி செய்வது என்று முடிவாயிற்று. அன்று இருவரும் ஒரே பாயில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள். எனக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டேஷன் ரோடு வரை போவதும் வருவதுமாக இருந்தேன்.

மறுநாள் பார்த்த டாக்டரம்மா நல்லவர். சுகன்யாவை நிதானமாகச் சோதித்தார். அட்டை இங்கே தாராளமாகச் செல்லும் என்றார். ஆனால் குறைமாதத்திலேயே எடுக்க வேண்டி வரலாம், பிள்ளைக்கு மூச்சு முட்டினால் வைத்துப் பார்க்கும் வசதி தன்னிடம் இல்லை, இன்றைக்கே கடலூருக்குப் போய்விடுங்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். கையோடு கடிதமும் கொடுத்தார். ஆம்புலன்ஸில் சுகன்யாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டது சம்பந்தியம்மாதான்.

கடலூரில் சேர்த்த மூன்றாம் நாள் அழுத்தம் நிற்காமல் ஏறி, ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தது என்று பிற்பாடு அக்கா சொன்னார். நேராகப் பச்சைக் குழந்தைகள் வார்டுக்குக் கொண்டுபோனார்கள். சுகன்யாவுக்கு நினைவு தெளியவில்லை. அக்கா வராந்தாவில் ஒரே தூணடியில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டுக்கும் மாடிக்கும் அலைந்தேன். டீ வாங்கி வந்தால் ஆறிப்போகும், மறுபடி வாங்கி வருவேன். ஒருதரம் அக்கா, "எங்கியும் போயிடாத தம்பி, ஒக்காரு" என்றார். அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அந்த ஒருமுறைதான். உட்கார்ந்தேன்.

சுகன்யா கண் திறந்தாள். குழந்தையும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நர்ஸ் வெளியே வந்து, ஒருத்தர் மட்டும் உள்ளே வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்றார். பேத்தியை முதலில் பார்க்கும் உரிமை ஆண் வீட்டாருக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா எழுந்து ஒதுங்கி வழிவிட்டார். சம்பந்தியம்மா அவர் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"நீங்க போங்க. நீங்க கேட்டதாலதான் அது இருக்குது."

அக்கா அந்தக் குழந்தையோடு இருந்தது ஒரு வருஷத்துக்கும் குறைவு. ஒரு நாள் வேலை விட்டு வந்து, கைகால் கழுவிவிட்டுக் குழந்தைக்குக் கையை நீட்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அப்போது ஆந்திராப் பக்கம் ஒரு லாரியில் இருந்தேன். நான் வந்து சேரும்வரை தலைமாட்டில் நகராமல் உட்கார்ந்திருந்தவர் சம்பந்தியம்மா.

அலுக்காமல் எச்சரித்துக்கொண்டே இருந்த நர்சம்மாவுக்கும், ஒளிக்காமல் சொன்ன டாக்டரம்மாவுக்கும், கடலூரில் தாயையும் பிள்ளையையும் மீட்டுக் கொடுத்தவர்களுக்கும், கடைசி நாளில் வேலையை நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்த கம்பெனி ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா இருந்தால் வீடு வீடாக வந்து சொல்லியிருப்பார்.

இன்றைய படையலுக்கு விடிகாலையில் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்து அடுப்பு மூட்டப்போவதும் சம்பந்தியம்மாதான். மலரை வாங்கிக்கொண்டு யாரும் அப்படியே கிளம்பிவிடக் கூடாது, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். நானும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன்.