இழுத்துப் பார்க்காத முடிச்சு

"இழுத்துப் பாருங்க மாமா" என்றான் தைரியம்.

அக்கா புருஷன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து, ஒரு காலை வெளிப்பக்கம் போட்டார். கீழே ஏழு மாடி. பெயிண்ட் அடிக்க உட்காரும் பலகை சுவருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கயிற்றைத் தண்ணீர்த் தொட்டித் தூணில் கட்டியவன் தைரியம்.

கயிறு கட்டுவது அவன் வேலையே இல்லை. பெயிண்ட் அடிக்க வந்த நாள் முதல் மாமா கட்டுவார், அவன் இறங்குவான். இறங்குகிறவன் முடிச்சைத் தன் கையால் இழுத்துப் பார்த்த பிறகே பலகையில் உட்காருவான். அந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். அவன் ஒருவன்தான் பார்த்ததில்லை. மேலே இருக்கிறவன் பார்த்துக்குவான் என்று போய் உட்கார்ந்துவிடுவான். மாமா தலையில் அடித்துக்கொள்வார். தைரியம் என்ற பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் மேலே இருக்கிறவன் பார்த்துக்குவான் என்றுதான் சொன்னான். மாமாவையும் நம்ப வைத்தான். அக்கா செத்துப்போனாள். மாமா அழவில்லை. சாப்பிட்டார், வேலைக்கு வந்தார், கேட்டால் பதில் சொன்னார்.

நேற்று தைரியத்துக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. "நான் இறங்குறேன், நீ கட்டு" என்று மாமா சொன்னபோது அவனுக்கு எதுவும் உறுத்தவில்லை. இப்போது உறுத்தியது.

"சொல்றேன்ல மாமா. ஒரு தடவ இழுத்துப் பாருங்க."

"நீ என்னைக்காவது பாத்திருக்கியா மாப்ள?"

"நான் வேற."

"என்ன வேற? நீயும் பாக்காம உக்காருவ, நானும் பாக்காம உக்கார்றேன்."

"நான் நம்பி உக்காருவேன்."

"கயித்துக்கு அது தெரியுமா?"

"மேல இருக்கிறவன்..." என்று ஆரம்பித்தான்.

"இன்னைக்கு மேல இருக்கிறது நீதான். அதான் கொஞ்சம் யோசனையா இருக்கு."

மாமா சிரித்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறான்.

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன்னு இருக்கீங்களா?"

"அப்படியெல்லாம் நினைக்கல. விழக்கூடாதுன்னும் நினைக்கல. அவ்வளவுதான்."

இன்னொரு காலையும் வெளியே போட்டார்.

தைரியம் நொண்டிக்கொண்டே தூணுக்குப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிச்சைப் பிடித்து இழுத்தான். அது கைக்குள் வழுக்கிக்கொண்டு வந்தது.

"இறங்காதீங்க. இது நிக்காது."

"தெரியும். நீ கட்டும்போதே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீதான் சொல்லிக்கிட்டே இருப்பியே, அவன் பாத்துக்குவான்னு. பாக்குறானான்னு பாத்தேன்."

'அதான் பாத்துட்டான்ல' என்று வாய்வரை வந்தது. ஆனால் முடிச்சை இழுத்தபோது அவன் யாரையும் நினைக்கவில்லை. பயந்தான், இழுத்தான். மாமாவின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து உள்ளே சாய்த்தான். அவர் தடுக்கவுமில்லை, ஒத்துழைக்கவுமில்லை. சிமெண்ட் மூட்டை மாதிரி வந்து விழுந்தார்.

மறுநாள் மேஸ்திரி அந்தச் சுவருக்கு வேறு இரண்டு பேரை அனுப்பினார். இவர்களுக்கு உள்ளே, மாடிப்படிச் சுவரில் பழைய பெயிண்டைச் சுரண்டும் வேலை. மாமா மேல் தளத்தில் சுரண்டினார், தைரியம் அதற்குக் கீழ்த் தளத்தில். மேலே சத்தம் நின்றபோதெல்லாம் அவன் நொண்டியபடி ஏறிப் போய்ப் பார்த்தான். ஒரு தடவை அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சன்னலோரம் நின்றிருந்தார். மதியம் இருவரும் சாப்பிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பாதிச் சுவர் முடிந்தது.